பெயர் மாற்றப்பட்ட குடும்பம்

பூங்குழலி பிறந்தது 1991ஆம் ஆண்டு தை மாதத்தில். பள்ளிச் சான்றிதழில் ஜூன் மூன்று என்று இருக்கிறது. தந்தை சின்னையன், தாய் சின்னாயி. ஊர், கொல்லிமலையில் சோளக்காட்டிலிருந்து முக்கால் மணி நேர நடை. தங்கை கோகிலவாணி மூன்று வயது இளையவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பூங்குழலி 2013இல் ஊர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். 2018 மே மாதம் கோகிலவாணி, கட்டட வேலை செய்யும் மாதேஸ்வரனோடு மலையிறங்கிச் சேந்தமங்கலத்தில் குடியேறினாள். மாதேஸ்வரன் பக்கத்து ஊர்க்காரன், அதே குலம். குல முறைப்படி அவன் அவளுக்கு அண்ணன் ஆக வேண்டும். ஆவணியில் நடக்கவிருந்த பூங்குழலியின் திருமணம் அதனால் நின்றது. பிறகு வேறு யாரும் பெண் கேட்டு வரவில்லை.

ஊர் கூடிப் பேசியது. ஓடிப்போனவர்களுக்கு ஊரில் தீயும் தண்ணீரும் இல்லை என்று முடிவாயிற்று. சின்னையன் குடும்பம் மூவரும் கோயில் முன் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து, "இனி அவளை மகளென்று சொல்லிப் பேச மாட்டோம், வீடேற்ற மாட்டோம்" என்று சத்தியம் செய்தார்கள். சத்தியத்தை மீறும் வீட்டில் சாவு விழுந்தால் தூக்க ஆள் வராது. மலையில் அது சாதாரண அச்சம் அல்ல.

2021 ஜூலையில் பூங்குழலி இணையவழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். சமூகவியலைத் தேடி எடுக்கவில்லை. சேர்க்கை மையத்தில் இருந்தவர், கணக்கு இல்லாத பாடம் அது என்று சொல்ல, தலையசைத்தாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பு. வீட்டில் சிக்னல் கிடைக்காது. ஆதலால் பேருந்து திரும்பும் வளைவில் ஒரு கல்லின்மேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்துக் குறிப்பெடுப்பாள். குடும்பம் ஒரு நிறுவனம் என்றும், வழக்கத்தை மீறுபவரைச் சமூகம் தண்டிக்கும் முறைகளுக்குச் சமூகக் கட்டுப்பாடு என்று பெயர் என்றும் முதற்பருவப் பாடம் சொன்னது. தன் வீட்டில் நடந்ததற்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருப்பதை அறிந்த நாளில் அவளுக்கு ஒருவகை ஆறுதல்கூட உண்டாயிற்று.

மறு ஆண்டு ஜனவரியில், பள்ளி மூடியிருந்த ஒரு புதன்கிழமை, தாய்க்குத் துணையாக மூட்டை சுமந்து சோளக்காட்டுச் சந்தைக்குப் போனாள். சின்னாயி புதன்தோறும் அங்கே மலைவாழையும் கொய்யாவும் விற்பவள். பதினொன்றரை மணிப் பேருந்திலிருந்து கோகிலவாணி இறங்கினாள், இடுப்பில் இரண்டு வயதுப் பையனோடு. நேரே தாய் விரித்திருந்த சாக்குக்கு முன் வந்து குந்தினாள். அக்காளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏனுங்கம்மா, கொய்யா என்ன வெலைங்க?"

"கொழந்தைக்குங்களா?"

"ஆமாங்க. நாலு நாளா வயித்தால போயி, இப்பத்தான் தேவலைங்க."

"அப்பக் கொய்யா ஆகாதுங்க. வாழப்பழம் வாங்கிக்கங்க. ராத்திரிக்குக் கஞ்சி மட்டும் குடுங்க. ஊட்டுக்காரருக்கு வேலை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. உங்களுக்கு முட்டிவலி?"

"வெலையக் கொறைக்க முடியாதுங்க," என்றாள் சின்னாயி, யாரோ கடந்து போனதால். பிறகு ஒரு பழத்தை உரித்து, ருசி பார்க்கக் கொடுக்கும் மாதிரிப் பழமாகப் பையனின் வாயில் ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்ட கை கன்னத்தில் சற்று நின்றது. அவ்வளவுதான். கோகிலவாணி ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

வீடு திரும்பும் வழியில் பூங்குழலி கேட்டாள். "எத்தனை நாளா இது?"

"கொழந்த பொறந்ததுலருந்து."

"சத்தியம் பண்ணுனியேம்மா."

"மகளேன்னு கூப்பிட்டனா? ஊட்டுக்குள்ள உட்டனா? வெலை சொல்றது பேச்சாகுமா கண்ணு? யாவாரம்."

மார்ச்சில் மதிப்பெண்ணுக்கான ஒப்படைப்புக் கட்டுரை எழுதும் காலம் வந்தது. சமவெளிக் கல்லூரி ஒன்றின் ஆசிரியை ஜாஸ்மின் வகுப்பில் சொன்னார்: "புத்தகத்துல இருக்கறதையே திருப்பி எழுதாதீங்க. உங்க ஊர்ல கண்ணால பார்த்ததை எழுதுங்க. ஆளுங்க பேரை மட்டும் மறக்காம மாத்திடுங்க."

பூங்குழலி மாற்றினாள். தாயை லட்சுமி என்றும், தங்கையைக் கவிதா என்றும் எழுதினாள். ஊரின் பெயரை அடியோடு விட்டுவிட்டாள். ஆனால் பாடம் நுணுக்கத்தைக் கேட்டது. ஆதலால் குலத்தை எழுதினாள்; கோயிலுக்குக் கீழே மூன்றாவது வீடு, வாசலில் இரட்டைப் பலாமரம் என்று எழுதினாள்; புதன்கிழமையையும் மாதிரிப் பழத்தையும் எழுதினாள். பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடுவார் என்பது சமவெளியின் கணக்கு. அவள் ஊரிலோ பாதிப் பேரின் பெயர் மற்றவர்க்குத் தெரியாது. பலாமரத்து ஊட்டுக்காரி, மேட்டு ஊட்டுப் பெரியவன், இன்ன குலத்து மருமகள் என்றுதான் ஒருவரை ஒருவர் அறிவார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் அப்படியே வாழ்ந்தவள், கைப்பேசியின் முன் உட்கார்ந்த நேரத்தில் அதை மறந்தாள்.

இருபதுக்குப் பத்தொன்பது மதிப்பெண் வந்தது. ஜாஸ்மின் அதை எழுதியவர் பெயரின்றி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் மாதிரிக் கட்டுரையாகப் போட்டார். அந்தக் குழுவில் சுதாகர் இருந்தான். இருபத்துநான்கு வயது, மாதேஸ்வரனின் ஊரைச் சேர்ந்தவன். நம் மலை பாடமாகியிருக்கிறது என்ற பெருமையில் தன் தாய் ராமாயிக்கு வாசித்துக் காட்டினான். இரண்டாம் பத்தி முடியுமுன் ராமாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

"நிறுத்துடா சாமி. இது பலாமரத்து ஊட்டுச் சங்கதியாச்சே!"

"பேரு லட்சுமின்னு போட்டிருக்கும்மா."

"பேர யாருடா கேட்டா?"

அந்த வாரமே சேதி பூங்குழலியின் ஊருக்கு எட்டி, ஊர் கூடியது. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் சின்னாயியை முன்னால் நிறுத்திக் கேட்டார். "சந்தையில அந்தப் புள்ளையோட என்ன பேசுனீங்க?"

"வெலை சொன்னனுங்க."

"ரெண்டு வருசமா ஒரு சீப்பு வாழப்பழத்துக்கு வெலை சொன்னீங்களாக்கும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது. சின்னையன் சிரிக்கவில்லை, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சத்தியத்துல ஓட்டை இருந்தா அடைச்சுக்குவோம்," என்றார் கவுண்டர். அவர் குரலில் கோபமே இல்லை. மீண்டும் கற்பூரம் ஏற்றினார்கள். இம்முறை சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: சோளக்காட்டுச் சந்தையை மிதிப்பதில்லை, எதிர்ப்பட்டால் விலையும் சொல்வதில்லை. சின்னாயி கையால் அணைத்தாள். சொல்லாத சொல்லுக்குள் இடம் தேடி வாழ்ந்தவள் அவள். சொன்ன சொல்லை மீறத் தெரியாதவள்.

வீட்டுக்கு வந்ததும் பூங்குழலியை உட்காரச் சொன்னாள். "நீ எழுதுனத வாசி."

பூங்குழலி வாசித்தாள். லட்சுமி, கவிதா என்று வந்த இடங்களில் நாக்கு இடறியது. முடிந்தபின் சின்னாயி சொன்னாள்:

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. ஒண்ணுகூடப் பொய் இல்ல."

அதைவிடக் கன்னத்தில் ஓர் அறை விழுந்திருக்கலாம் என்று பூங்குழலிக்குத் தோன்றியது. மதிப்பெண்ணுக்காக எழுதினோமா, நின்றுபோன கல்யாணத்தின் கசப்பு தன் கையைப் பிடித்து எழுதியதா என்று அவள் பின்னாளில் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். மாதேஸ்வரனின் எண் அவளிடம் இருந்தது. அழைக்கவில்லை. சத்தியத்துக்கு அஞ்சி அல்ல. அழைத்தால், எழுதியது யார் என்று முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்குப் பின் மூன்று புதன்கிழமைகள் கோகிலவாணி அதே பேருந்தில் வந்து, சாக்கு விரிக்காத இடத்துக்கு முன் நின்றாளாம். நான்காம் வாரம், பக்கத்தில் மிளகு விற்பவர், "அந்தம்மா இனி வராதுங்க கண்ணு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதன்பின் அவளும் வரவில்லை.

அடுத்த பருவத்தில் ஜாஸ்மின், "போன தடவை மாதிரி எழுதுங்க பூங்குழலி" என்றார். அவள் புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதினாள். பதின்மூன்று மதிப்பெண் வந்தது. 2024இல் பட்டம் பெற்றாள். சத்துணவுக் கூடத்தில் இன்றும் உதவியாளர்தான். சின்னாயியின் வாழையைத் தோட்டத்துக்கே வந்து வியாபாரி எடுத்துப்போகிறான். புதன்கிழமை பதினொன்றரை வாக்கில் வளைவில் பேருந்தின் ஆரன் கேட்டால், சின்னாயி செய்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் அடங்கியபின் மறுபடி எடுக்கிறாள்.

தாயும் மகளும் கடைசியாக ஒருவரை ஒருவர் பார்த்தது 2022 மார்ச் பதினாறு. இது எழுதப்படுவது 2025 டிசம்பரில்.

மூன்று ஆண்டு, ஒன்பது மாதம்.