தரிசு என்று எழுதிய நிலம்

"யக்கா, ஊர்லேந்து மூட்டை வந்துகீது," என்று ஆட்டோக்காரர் எங்கள் தி.நகர் கடைவாசலில் இறக்கினார். அவிழ்த்ததும் கொத்தமல்லி விதையின் வாசம்.

எட்டு வயதில், கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கரிசலில், கோடை வெடிப்பில் என் கால் மாட்டிக்கொண்டது. செத்த நிலம் என்று அழுதேன். சித்தப்பா காலை மெல்ல விடுவித்தார். வெடிப்புக்குள் உதிர்ந்து கிடந்த மல்லி மணத்தது.

"சாகல தாயி, மழைக்கு வாயத் தெறந்து கெடக்கு. ஐப்பசில வந்து பாரு, பச்சையா நிக்கும்."

ஐப்பசியில் கடையில் தீபாவளி வியாபாரம். நாங்கள் ஒருமுறைகூடப் போனதில்லை.

அப்பாவுக்குப் பின் நிலம் என் பெயருக்கு வந்தது. உழுவது சித்தப்பாதான். போன சித்திரையில் சோலார் கம்பெனிக்காரர்கள் அந்த வெடிப்புகளைப் படமெடுத்து, அடியில் 'தரிசு' என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். நான் பார்த்த நிலமும் அதுதானே? கல்லாவில் உட்கார்ந்தபடியே, நிலத்தை அவர்களுக்குக் கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்டேன்.

போன வாரம் வேலி போட வந்தவர்களை ஊரே மறித்ததாம். "இது வெளையுற பூமிய்யா," என்று சித்தப்பா மல்லியை அள்ளிக் காட்டினாராம். அவர்கள் என் கையெழுத்தைக் காட்டினார்களாம்.

அதைப் பார்த்த பிறகுதான் இந்த மூட்டையைக் கட்டி எனக்கு அனுப்பியிருக்கிறார்.