மல்லிகா பதிஞ்சுட்டு வந்த அருவி

கேசட் ஓட ஆரம்பிச்சதும் முதல்ல வெறும் இரைச்சல்தான் கேக்கும்… அப்புறம் அதுக்குள்ள இருந்து பைய தண்ணி விழுத சத்தம் பிரிஞ்சு வரும். மணிமுத்தாறு அருவி. மல்லிகா பஸ் ஏறிப் போயி, டேப் ரெக்கார்டர பாலித்தீன் பையில சுத்தி, பாறை மேல உக்காந்து பதிஞ்சுட்டு வந்தது.

எதுக்குன்னு கேக்கீங்களா… ஒரு விளையாட்டுக்கு.

தொண்ணூறுகள்ல பாளையங்கோட்டைல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல நானும் அவளும் டீச்சர். கூட வேலை பாத்த பயலுவ சேகர், காஜா. காஜாவோட மச்சான் துபாய்ல இருந்து ஒரு புக் கொண்டு வந்திருந்தாரு. ஒருத்தர் கதை சொல்லணும். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா அந்தக் கதைக்குள்ள போகணும். "கதவத் திறக்கேன்", "சண்டை போடுதேன்"னு நாம சொல்லலாம். நடக்குமா நடக்காதான்னு தாயக்கட்டை முடிவு பண்ணும்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிளாஸ் கிடையாது. அப்ப சென்டர் மாடில ஆடுவோம். கதை சொல்லுதது எப்பவும் மல்லிகாதான்.

புக்குல போட்டிருந்த இருபது பக்கத் தாயக்கட்டைக்கு இங்கன எங்க போக… புளியங்கொட்டைல நம்பர் எழுதி ஒரு சுருக்குப்பைல போட்டா. கண்ண மூடி ஒண்ணு எடுக்கணும். சார்ட் பேப்பர டீ டிக்காஷன்ல முக்கி, ஓரத்த மெழுகுவர்த்தில கருக்கி, பழைய காலத்து மேப் செஞ்சா. எங்க மூணு பேருக்கும் ஆத்து மண்ணுல பொம்மை. என் பொம்மைக்கு மெல்லிசுக் கம்பில ஒரு மூக்குக்கண்ணாடி கூட உண்டு. பாழடைஞ்ச கோயிலுக்குள்ள போனோம்னா சாம்பிராணி வாசம் வரும். குகைன்னா ஜன்னல அடைச்சிட்டு டார்ச்ச கைல குடுப்பா.

அன்னைக்கு கதைல அருவிக்குப் பின்னால ஒரு கதவக் கண்டுபிடிச்சிருந்தோம். கேசட் ஓடுது. காஜா பைக்குள்ள கைய விடுதான்… மல்லிகாவோட அண்ணன் மாடி ஏறி வந்து நிக்காரு. யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க.

"இதுக்குத்தான் ஞாயித்துக்கிழமையும் வேலைன்னு வாரியோ?"

"விளையாட்டுண்ணே. ஒரு தடவ உக்காந்து பாரு…"

"பொம்ம வச்சு செய்வினை செய்யுதியா, ஆம்பளப் பயலுவ கூட சூதாடுதியா? எதுன்னாலும் வீட்டுக்கு நட."

செருப்புக் காலோட ஒவ்வொரு பொம்மையா மிதிச்சாரு. அவசரமே படல. கேசட்ட எடுத்து நாடாவ உருவிப் போட்டாரு. சேகர் "அண்ணாச்சி, தப்பா ஒண்ணும்…"னு ஆரம்பிச்சான். "நீ பேசாத லே."

சென்டர் ஓனர் கீழ நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு. மேல வரல. மறுநாள், "பொம்பளப் பிள்ளைய வேலைக்கு வச்சாலே வம்புதான்"னாரு. என் மூஞ்சியப் பாத்தே சொன்னாரு.

மல்லிகா அப்புறம் வேலைக்கு வரல. நாக்பூர்ல மாப்பிள்ளை பாத்துட்டாங்க. பத்திரிகை குடுக்க மட்டும் ஒருக்க மாடிக்கு வந்தா. அண்ணன் கீழ ஸ்கூட்டர்ல.

காஜாதான் கேட்டான். "அந்தக் கதவுக்குப் பின்னால என்ன இருந்துச்சு?"



"இன்னொரு அருவி. அதுல தண்ணி கீழ இருந்து மேல போவும். அந்தச் சத்தத்த எப்படிப் பதியன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

கீழ ஹார்ன் அடிச்சுது. போயிட்டா.

இப்பவும் எப்பவாவது போன்ல பேசுவோம். பிள்ளைங்க படிப்பு, முட்டுவலி… அதத் தாண்டி அவ போகமாட்டா.

போன மாசம் ஒரு கல்யாண வீட்டுல அந்த அண்ணனப் பாத்தேன். பக்கத்துல கூப்பிட்டு உக்கார வச்சு, செல்போன்ல போட்டோ காட்டுதாரு. மவன் பெங்களூர்ல இருக்கானாம்.

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கூடி கதை சொல்லி ஆடுதாங்கம்மா. கோட்டை, பொம்மை, லைட்டு… எல்லாம் ஆன்லைன்ல வாங்குதான். பொம்பளப் பிள்ளைகளும் வருது. என்ன கற்பனைம்மா அவனுக்கு."

அந்தப் பையன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நல்லா ஆடட்டும்.

"மல்லிகாவும் இதத்தானண்ணே செஞ்சா?"ன்னேன்.

"அவளா?"

நெத்தியச் சுருக்கி யோசிச்சாரு.

"அவளுக்கு இதெல்லாம் என்னத்தத் தெரியும்…"

நடிச்சிருந்தாக் கூட சண்டை போட்டிருப்பேன். அந்த மனுசனுக்கு நெசமாவே ஞாபகம் இல்ல.