கறைக்கு அடியில் இரண்டு புள்ளிகள்

சீனித்தாய்க்கு வயது நாற்பத்தெட்டு. அதில் முப்பத்தொரு வருஷம் வாழையிலை அறுப்பதில் போயிருக்கிறது. ஏரலுக்குப் பக்கத்தில், தாமிரபரணித் தண்ணீர் பாயும் வாழைத் தோட்டங்களில் அவள் கால் படாதது குறைவு. தூத்துக்குடியில் நீங்கள் ஒரு கல்யாணப் பந்தியில் சாப்பிட்டிருந்தால், அந்த இலை அவள் அறுத்ததாக இருக்கலாம். அவள் அந்தப் பந்திகளில் உட்கார்ந்ததில்லை. முகூர்த்த நாளில் அவள் வீட்டில் படுத்துத் தூங்குவாள்.

அது முகூர்த்தத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. இலை வியாபாரி சங்கரபாண்டியன் தோட்டத்து ஓரத்தில் குட்டியானை வண்டியை நிறுத்திவிட்டு ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். இருட்டோடு வந்து அறுக்கத் தொடங்கிய சீனித்தாயும் அவளுடைய கூட்டாளி ஆறுமுகத்தாயும் கடைசிக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஏளா சீனி! கல்யாணம் நாளைக்குளா, நாளக்கழிச்சு இல்ல!” என்று அங்கிருந்தே கத்தினார் சங்கரபாண்டியன்.

“நீங்க வந்து ஒரு கட்டு தூக்குங்க அண்ணாச்சி, இன்னைக்கே முடிச்சிருவோம்” என்றாள் ஆறுமுகத்தாய். அவர் பதிலுக்கு இன்னொரு தடவை ஹாரன் அடித்தார்.

சீனித்தாய் குனிந்து கட்டைத் தோளுக்கு ஏற்றினாள். கட்டுக்கு அடியில் கொடுத்திருந்த கையில் ஏதோ மெத்தென்று பட்டது. அடுத்த நொடி ஊசி குத்தினாற்போல ஒரு சுரீர். கட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

“எம்மா! என்னமோ கடிச்சிட்டுளா!”

“பாம்பா?” ஆறுமுகத்தாய் அரிவாளோடு ஓடி வந்தாள்.

கட்டோடு கீழே விழுந்தது ஒரு வௌவால். வாழைத் தோட்டத்தில் வௌவால் புதிது இல்லை. பூவில் தேன் குடிக்க வரும். பகலில் இலைக்கு அடியில் தொங்கும். ஆள் அரவம் கேட்டால் படபடவென்று பறந்துவிடும். இது பறக்கவில்லை. ஒரு சிறகைப் பரப்பிக்கொண்டு சருகின் மேல் தவழ்ந்து தவழ்ந்து போயிற்று.

“சீ, வவ்வாதான. நான் பாம்புன்னுல்லா பயந்துட்டேன்” என்று ஆறுமுகத்தாய் சிரித்தாள். “பாத்துக்கோ, இன்னைக்கு ராத்திரி நீ உத்தரத்துல தலகீழா தொங்கப்போற.” அப்படியே அதைச் சிறகைப் பிடித்துத் தூக்கி, “அங்கன கெட” என்று வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தாள்.

சீனித்தாயின் கையில் ஒரு பொட்டு ரத்தம். பக்கத்தில் கிடந்த இலைக்காம்பை ஒடித்து, வடிந்த கறைச் சாற்றை அதன் மேல் பிழிந்தாள். இலை அறுக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். அரிவாள் பட்டாலும் கறை, மட்டை கிழித்தாலும் கறை. ரத்தம் நின்றுவிடும். அந்த இடம் கறுத்துப்போகும். அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. அவளும் நினைக்கவில்லை. கட்டை மறுபடி ஏற்றிக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை தூங்கினாள். சனிக்கிழமை வேறொரு தோட்டத்தில் சருகு கழித்தாள். ஞாயிற்றுக்கிழமை மகன் பாண்டியராஜ் வந்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் இடத்தில் வேலை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆறுமுகத்தாய் வந்து வாசலில் உட்கார்ந்து, வௌவால் கதையை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிச் சிரித்தாள். பாண்டியராஜ் சிரிக்கவில்லை. போன வருஷம் துறைமுக வாசலில் அவனை ஒரு நாய் கடித்திருந்தது. நாய்க்கடி வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டவன் அவன்.

“எம்மா, சோப்பு போட்டுக் கழுவினியா?”

“கற விட்டேன்.”

“கறையா?”

“ரத்தம் நின்னுட்டுல்லா?”

“ரத்தம் நிக்கதுக்கா கழுவுவாங்க? அதோட எச்சில் உள்ள போயிருக்கும். நீ அதுக்கு மேல கறைய விட்டு மூடி வச்சிருக்க.”

“நாய்க்குத்தானய்யா ஊசி. வவ்வாக்கு எவன் போடுதான்?”

“அத டாக்டர் சொல்லட்டும். நாளைக்கு நீ என்கூட வார.”

“நாளைக்கு அறுப்பு இருக்கு.”

“இலை எங்கயும் ஓடிப்போவாது” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தான். வழக்கமாக இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்பவன்.

திங்கட்கிழமை அவள் அவனோடு கிளம்பியது பயத்தினால் இல்லை. வாக்குவாதம் பண்ணத் தெம்பில்லாமல் போனாள். பஸ்ஸில் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கினாள். ஆஸ்பத்திரி வரிசையில் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள். முன்னால் நின்றவர்கள் எல்லாரும் நாய்க்கடி. ஒருத்திக்கு மட்டும் பூனை. நர்ஸ் அவளிடம் வந்து, “உங்களுக்கு நாய் எங்க கடிச்சுது?” என்றார்.

“நாய் இல்லம்மா. வவ்வா.”

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்ற ஒரு பெரியவர், “அது பழம் திங்கிற சாமியில்லா? அதுவுமா கடிக்கும்?” என்றார். சீனித்தாய்க்கு வெட்கமாக இருந்தது. அறுத்துக் கூலி வாங்கும் ஒரு நாளை விட்டுவிட்டு, ஊர் சிரிக்க நிற்கிறோமே என்று இருந்தது. மகன் மட்டும் பக்கத்தில் இல்லாவிட்டால் அப்போதே திரும்பியிருப்பாள்.

டாக்டர் ஜான்ஹவி சிரிக்கவில்லை. இளம் வயது. அவளும் தூங்கி நாளாகியிருக்கும் என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. வௌவால் பறந்ததா, தவழ்ந்ததா என்று கேட்டாள். தவழ்ந்தது என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“நம்ம ஊர் வவ்வால்ல ரேபிஸ் இருக்குன்னு யாரும் உறுதியா சொன்னதில்லம்மா. இல்லன்னும் என்னால உறுதியா சொல்ல முடியாது. அந்த நோய் வந்துட்டா அதுக்கப்புறம் காப்பாத்த வழி இல்ல. வரதுக்கு முன்னாடி ஊசி போட்டா வராது. அதனால போட்டுருவோம். கடிச்ச இடத்தச் சுத்தியே ஒரு ஊசி போடணும். எங்க கடிச்சுது?”

சீனித்தாய் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

ஜான்ஹவி பார்த்தாள். உள்ளங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு எல்லாம் கறுப்பு. கறுப்புக்கு நடுவே கீறல், அதற்கு மேல் வேறொரு கீறல், ஆறியது, ஆறாதது. நர்ஸ் குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்பு போட்டு வெகுநேரம் கழுவவைத்தார். நுரை வெள்ளையாகப் போயிற்று. கறை போகவில்லை.

“இதுல எதும்மா?”

“எனக்கே தெரியலியே.” அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை காயத்தில் ஒன்றுக்குள் அது இருக்கிறது. அதைத் தானே கறை விட்டு மறைத்தாயிற்று. “வலக்கையா இருக்குமோ. இல்ல... பொறவு சனிக்கிழம மட்டை வேற கிழிச்சிது.”

“யோசிம்மா” என்றான் பாண்டியராஜ். அது கெஞ்சலாக இருந்தது. அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

அவள் யோசிக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். கட்டிலில் மடித்து வைத்திருந்த ஒரு கம்பளி கண்ணில் பட்டது. கேட்காமலே போய் அதைச் சுருட்டினாள். இலைக்கட்டை எடுப்பதுபோலக் குனிந்து தோளில் ஏற்றினாள். முப்பத்தொரு வருஷமாக ஏற்றுகிற பழக்கம். வலக்கை கட்டின் மேலே போயிற்று. இடக்கை அடியில் போயிற்று. அப்படியே நின்றாள்.

“இங்கன” என்றாள். இடக்கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள சதை.

ஜான்ஹவி விளக்கை இழுத்து வைத்துக் குனிந்தாள். கறைக்கு அடியில், அரிவாள் கீற்றுபோல நீளமாக இல்லாமல், குண்டூசி முனையளவில் இரண்டு புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அந்த இடத்தில் போட்ட ஊசி, வௌவால் கடித்ததைவிடப் பல மடங்கு வலித்தது. சீனித்தாய் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தோளில் வேறு ஊசி. இன்னும் மூன்று தடவை வர வேண்டும், ஒன்றைக்கூட விடக்கூடாது என்றாள் ஜான்ஹவி. அதில் முதலாவது வருகிற வியாழக்கிழமை. வியாழன் என்றால் வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு அறுப்பு நாள். சீனித்தாய் தலையை மட்டும் ஆட்டினாள்.

“அந்த வவ்வாலை வேற யாராவது தொட்டாங்களா?” என்று கேட்டாள் ஜான்ஹவி.

அன்று சாயங்காலம் ஆறுமுகத்தாய் பம்புசெட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சீனித்தாய் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தே ஆறுமுகத்தாய் சொல்ல வந்த கேலியை விட்டுவிட்டாள்.

“நீயும் வரணுமாம்ளா. டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

“எனக்கென்ன? என்னைய கடிக்கலியே.”

“கையால தூக்கி எறிஞ்சல்லா. உன் கையில வெட்டு இல்லாத எடம் எது, காட்டு.”

ஆறுமுகத்தாய் ஈரக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காட்டுவதற்கு இடம் கிடைக்கவில்லை. துணியைப் பிழியாமலே கல்லில் போட்டாள்.

“ரெண்டு பேரும் போனா அண்ணாச்சி என்ன சொல்லுவாரு?”

“என்ன சொல்லுவாரு. ஹாரன் அடிப்பாரு.”

“ஊசி வலிக்குமா?”

“வலிக்கும்” என்றாள் சீனித்தாய். பொய் சொல்லவும் அவளுக்கு அலுப்பாக இருந்தது. “முதல்ல சோப்ப எடுத்துக் கையக் கழுவு. நல்லா கழுவு. நான் இங்கனயே இருக்கேன்.”

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் ஆறுமுகத்தாய் ஏறினாள். தனியே விட்டால் பாதியில் இறங்கிவிடுவாள் என்று சீனித்தாயும் கூடப் போனாள். சேதி தெரிந்த சங்கரபாண்டியன் வியாழக்கிழமை அறுப்புக்கு அவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்களைச் சொல்லிவிட்டார்.