போணி ஆகாத மாடி

நான் வாழும் இந்த ஜெர்மன் ஊரில் ஒரு துணிக்கடை, உள்ளே நுழைகிறவர்கள் மேல் தோல் வாசனையைத் தெளிக்கிறது. முதலில் நான் நம்பவில்லை. என்னோடு மருத்துவமனையில் வேலை செய்யும் சபீனாதான் சுவரில் இருந்த சின்னப் பெட்டியைக் காட்டினாள். அது அவ்வப்போது மூச்சு விடுமாம், அந்த வாசனைக்கு மயங்கி ஆட்கள் கூடுதல் நேரம் நிற்பார்களாம், நின்றால் வாங்குவார்களாம். மஞ்சள் விளக்கு, காதை உறுத்தாத பியானோ, கால் புதையும் கம்பளம், எல்லாவற்றுக்கும் மேல் பதனிட்ட தோலின் மணம். இதைக் காசு கொடுத்து வரவழைக்கிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்கு வியப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆம்பூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஏனென்று புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

என் அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். விடியலில் கம்பெனி வேன் ஏற்றிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு இறக்கிவிடும். தோலும் ஒட்டுப் பசையும் கலந்த வாசனை அவள் முடியிலும் முந்தானையிலும் ஏறியிருக்கும். எங்கள் வீட்டில் அதை யாரும் வாசனையாகவே நினைத்ததில்லை. அது வந்தால் அம்மா வந்துவிட்டாள் என்று அர்த்தம், அவ்வளவுதான். ஒரு தீபாவளிக்கு போனஸ் வந்த கையோடு, கல்யாணப் புடவைக்குப் பிறகு ஒரு பட்டுகூட எடுக்காத அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறினாள். அன்று அரைநாள் வேலை, முடிந்து நேராக, உடுத்திய அதே புடவையோடு.

அந்தப் பெரிய ஜவுளிக்கடையில் பட்டு மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, வெள்ளை மெத்தை விரிப்பு. நாங்கள் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தோம். சேல்ஸ்மேன் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னாமா, கம்பெனிலேர்ந்து நேரா வர்றீங்களா? பட்டு வாசனைய இழுத்துக்கும்மா. கீழ போங்க, அங்க கம்மி ரேட்ல இருக்கும்."

சொல்லிவிட்டு, நாங்கள் எழுந்து முடிப்பதற்குள், உட்கார்ந்திருந்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தார். மல்லிகை வாசனை. பக்கத்தில் கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு எங்களுக்கு வழி விட்டது. அம்மா கீழேயும் ஒன்றும் வாங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பாள். பாம்பு பகை வைக்கும் என்பார்கள். பாம்புக்கே நான் பாடம் எடுப்பேன். அந்த ஆளின் முகத்தை நான் ஒருநாளும் மறக்கவில்லை.

நர்சிங் படித்து, ஜெர்மன் படித்து, இங்கே வந்து சேர்ந்தேன். முதல் குளிருக்குக் கோட் வாங்கப் போனபோது கடைப்பெண் சிரித்தபடி கிட்டே வந்து, "கான் இஷ் ஈனன் ஹெல்ஃபன்?" என்றாள். உதவட்டுமா என்று கேட்கிறாள். பரீட்சையில் எழுதிய வாக்கியம்தான். ஆனால் ஒரு கடையில் ஒருவர் என்னைப் பார்த்துக் கிட்டே வந்தாலே, அடுத்து கீழே போகச் சொல்வார் என்றுதான் உடம்பு எதிர்பார்க்கும். நான் பர்ஸைத் திறந்து வங்கி அட்டையை எடுத்து நீட்டினேன், காசு இருக்கிறது என்று காட்ட. அவள் குழம்பிப்போய், பணம் கட்டும் இடம் அந்தப் பக்கம் என்று கை காட்டினாள். கையில் ஒரு துணியும் இல்லாமல் கல்லாவில் போய் நின்றேன்.

சபீனா இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தாள். "இஷ் ஷௌவே நூர்." சும்மா பார்க்கிறேன். இதைச் சொல்லிவிட்டால் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வரலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. நம் ஊரில் நடக்குமா? அதிலும் கடை திறந்ததும் முதல் ஆளாக ஏறி, இருப்பதையெல்லாம் பிரிக்கச் சொல்லி, ஒன்றும் வாங்காமல் இறங்கினால்? போணி கெட்டுப்போச்சு என்று அன்று முழுக்க யார் வயிறாவது எரியும். எரியட்டும் என்றுதான் நினைத்தேன்.

போன விடுமுறையில் அதே வேலூர்க் கடைக்கு அம்மாவைக் கிளப்பினேன். அவள் இப்போது வேலைக்குப் போவதில்லை. காரில் போகும்போது திட்டத்தைச் சொன்னேன்.

"இன்னாத்துக்குடி இந்தப் பேஜாரு?" என்றாள். ஆனாலும் இறங்கி வந்தாள்.

ஷட்டர் ஏறிய சூட்டோடு நாங்கள் மாடியில் இருந்தோம். அதே ஆள். முடிக்குச் சாயம் அடித்திருந்தார், மாடிக்கே சூப்பர்வைசர் ஆகியிருந்தார். எங்களை அடையாளம் தெரியவில்லை. என் கைப்பைதான் கண்ணில் பட்டது.

"வாங்க மேடம், ஃபாரின்லேர்ந்துங்களா? அம்மாக்கு சேர் போடுப்பா. காபி சொல்லுப்பா."

நான் கேட்கக் கேட்க அலமாரி காலியானது. மெத்தையில் புடவை குவிந்தது. நடுவில் எனக்கு மனம் இளகிவிடுமோ என்று ஒரு பயம் இருந்தது. இளகவில்லை. நன்றாகவே இருந்தது.

திட்டம் கெடப் பார்த்தது அம்மாவால்தான். காபியைக் குடித்து, ஏசியில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தவள் தோளில் அவர் ஒரு அரக்குப் பட்டுப் புடவையைப் போட்டு, விளக்கு ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். "அம்மாக்குன்னே நெய்ஞ்சாப்ல இருக்குது பாருங்க" என்றார். அம்மாவின் முகம் மாறியது. கரையை விரலால் தடவினாள். ஒரு காபி, ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, இதற்குள் என் இத்தனை வருஷப் பகையும் போயிற்று என்று நினைத்தேன். அவள் ஒரு சொல் சொன்னால் வாங்கியிருப்பேன். வேறென்ன செய்வது?

"புடிச்சிருக்காம்மா?"

அம்மா கண்ணாடியையே பார்த்தாள். பிறகு தோளிலிருந்து எடுத்து, தானே பதமாக மடித்து, அவர் கையில் கொடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா கம்பெனில கெடந்த ஒடம்பு. பட்டு வாசனைய இழுத்துக்கும். நாங்க எழுந்ததும் ஸ்ப்ரே அடிச்சிடு. கீழ போறோம், அங்க கம்மி ரேட்ல இருக்கும்."

அவருக்கு ஞாபகம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. பிறகு படிவரை பின்னாலேயே வந்தார். "மேடம், போணி நேரங்க. ஒரு பிளவுஸ் பிட்டாச்சும் எடுத்துக்குங்க மேடம்."

"இஷ் ஷௌவே நூர்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் தமிழில் சொல்லவும் இல்லை.

கீழே, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே விற்கும் ஒரு பெண்ணிடம் அம்மா ஒரு உள்பாவாடை வாங்கினாள். "உன் கையாலதாம்மா இன்னிக்கு போணி" என்றாள். அந்தப் பெண் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் மாடியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். காரில் ஏறியதும் கேட்டேன், அந்த அரக்கு நிஜமாகவே பிடித்திருந்ததா என்று.

"ரொம்பப் புடிச்சிது" என்றாள் அம்மா.

அதே நிறத்தில் வேறு கடையில் எடுத்துத் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது பகைக் கணக்கில் அந்தப் புடவையும் சேர்ந்துகொண்டது.

நேற்று அந்தத் தோல் வாசனைக் கடைக்குப் போயிருந்தேன். ஒரு தோல் ஜாக்கெட்டின் உள்ளே இந்தியாவில் செய்தது என்று ஒரு துண்டுத் துணியில் தைத்திருந்தது. வலது கையை மட்டும் அதில் நுழைத்தேன். முகத்தருகே கொண்டுபோனபோது கம்பெனி வேன் வந்து நின்றது, அம்மா இறங்கினாள். கடைப்பெண் கிட்டே வந்தாள். சும்மா பார்க்கிறேன் என்று அவள் மொழியில் சொன்னேன், அவளும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். வெளியே இருந்த இடது உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி சோப்பு வாசனைதான் வந்தது.