குமுதாவின் கட்டை விரல்

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டேதான் குமுதா பேசுவார். "அசையாத, கண்ணு, ரெண்டு நிமிஷம் லா" என்பது பல்லிடுக்கு வழியாகத்தான் வரும். பிரிக்பீல்ட்ஸில் மாடிப்படிக்குக் கீழே, ஒரே நாற்காலி போட்ட அழகு நிலையம். புருவம் திருத்திக்கொள்ள வருகிறவர்களுக்கு முப்பத்திரண்டு வருஷமாக அந்தப் பேச்சு பழக்கம்.

வயது அறுபத்தொன்று. கேட்டால் "அம்பது சொச்சம்" என்பார். பிறர் புருவத்தில் ஒரு முடி பிசகினால் பொறுக்காதவர், தன் புருவத்தைக் கண்ணாடியில் பார்த்ததே அபூர்வம். கணவர் போனபின் இந்தக் கடைதான் அவருக்கு எல்லாம்.

வலது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கி மூன்று வருஷம். முதலில் தைலம், அப்புறம் மாத்திரை, கடைசியில் மணிக்கட்டிலேயே ஸ்டீராய்டு ஊசி. ஊசி போட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிட்டது. வலி போனால் குணமாகிவிட்டது என்று யார்தான் நினைக்க மாட்டார்கள், பாவம்! சில மாதத்தில் வலி திரும்பியது. "இனி ஊசி வேணாம், கைக்கு ரெஸ்ட் குடுங்க" என்றார் ஊசி போட்ட டாக்டர். குமுதா நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, கிள்ளானில் தங்கையைப் பார்க்கப் போகிற சாக்கில் அங்கே ஒரு கிளினிக்கில் போட்டுக்கொண்டார். பிறகு சுங்கை பூலோவில். போன இடமெல்லாம், "இதான் டாக்டர் மொத தடவ." அந்தத் தெம்பில் தீபாவளி வாரம் முழுக்க, சாப்பிடக்கூட உட்காராமல் புருவம் எடுத்தார்.

போன மாதம் துண்டை உதறும்போது மணிக்கட்டில் 'டக்'கென்றது. பெரிதாக வலிக்கவில்லை. கட்டை விரல் மட்டும் தொங்கிப்போனது.

"நரம்பு பிசகிடுச்சு டாக்டர்."

"நரம்பு இல்ல ஆன்டி, தசைநாண். விரலைத் தூக்குற கயிறு. அது அறுந்துடுச்சு" என்றார் மருத்துவமனையில் டாக்டர் இந்துஜா. "மொத்தம் எத்தன ஊசி?"

குமுதா முதல் முறையாக உண்மையைச் சொன்னார். ஐந்து.

டாக்டர் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடக் குமுதா தாங்கியிருப்பார். ஊசி வலியை அடக்குமே தவிர நைந்த தசைநாணைச் சரிசெய்யாது, திரும்பத் திரும்பப் போட்டால் அது இன்னும் நலிந்துபோகும், இந்த வயதில் ஆறுவதும் மெதுவாகத்தான் என்று பொறுமையாக விளக்கினார். பக்கத்து விரலிலிருந்து ஒரு தசைநாணை எடுத்துப் பொருத்தலாம். "கப் பிடிக்கலாம், பட்டன் போடலாம். திரெடிங் மட்டும் ப்ரோமிஸ் பண்ண முடியாது ஆன்டி."

அதற்குமேல் எதுவும் குமுதாவின் காதில் ஏறவில்லை. கப் பிடிப்பதற்கா அவருக்குக் கை?

இன்று காலை கடையில் போன் அடித்தது. பழைய வாடிக்கையாளர் சந்திரகலா. "அக்கா, சனிக்கிழம மகளுக்கு நிச்சயம். காலைல புருவம் எடுக்கக் கூட்டிட்டு வரேன், போலேயா, முடியுமா?"

"வா லா, நா எங்க போகப் போறேன்?"

போனை வைத்துவிட்டு, இடக் கையால் அந்த விரலை நிமிர்த்தி விட்டுப் பார்த்தார். விழுந்தது. மெழுகு தடவும் மரக்குச்சி ஒன்றை எடுத்தார். அதை விரலோடு சேர்த்து வைத்து, புருவம் எடுக்கும் நூலாலேயே சுற்றிச் சுற்றிக் கட்டி, முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினார்.