பொன்துகள் படிந்த மீன்கள்

கெர்லிண்டே கோஸ்லிக் மீன்களைப் பார்த்து மகிழ்ந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஹெர்னே நகரில், கால்வாய்க்கரை மதுக்கடையின் பின்னறையில் கூடும் எங்கள் மீன் வளர்ப்போர் சங்கத்தில் அறுபத்தொரு பேர் இருந்தோம். மற்ற அறுபது பேரும் ஒரு தொட்டியின் முன் நின்றால் நிறம் கண்டு மயங்குவோம். அவர் நின்றால் புருவம் நெரியும். நலமாய் நீந்தும் மீன் அவருக்கு இன்னும் நோய் வாராத மீன், அவ்வளவே.

இருபத்தெட்டு ஆண்டுகள் துணிக்கடையில் பொத்தான் பிரிவில் நின்று ஓய்வு பெற்றவர். வெண்மை என்று நாம் சொல்லும் ஒன்றுக்குள் எத்தனை வெண்மைகள் உண்டென்று அந்தக் கண்கள் அறியும். செதிலின்மேல் ரவை தூவியதுபோல் தெரிந்தால் வெண்புள்ளி நோய். வாயோரம் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால், நாங்கள் பூஞ்சை என்போம். அவர் உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்து, பூஞ்சையன்று, கிருமி என்பார். செதில்கள் தேவதாருக் காய்போல் விரிந்து நின்றால் ஒன்றும் சொல்லாமல் தலை தாழ்த்துவார். அதற்குமேல் உடையவரும் கேட்பதில்லை.

நோய் பார்க்க வந்தால் முதல் ஐந்து நிமிடம் வீட்டார் வாய் திறக்கலாகாது. நாற்காலியில் அமர்ந்து, கைக்கடிகாரத்தை நோக்கிச் செவுளின் துடிப்பை எண்ணுவார். பிறகுதான் கேள்வி வரும்: "போன ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் தொட்டிக்குள்ள புதுசா என்ன போச்சு?" எல்லோரும் ஒன்றுமில்லை என்றே சொல்வோம். ஒன்றுமில்லை என்பவர் வீட்டில்தான் நிறைய போயிருக்கும் என்பது அவர் அனுபவம்.

'ஒரு தொட்டிக்கு ஒரு வலை' என்று எழுதிப் பின்னறைச் சுவரில் மாட்டியவரும் அவரே. பிறர் வீட்டுக்குத் தம் வலையைக் கொண்டுபோக மாட்டார். அவர் பையில் இருப்பவை கைவிளக்கு, உருப்பெருக்கி, குறிப்பேடு, சங்கத்தின் வெள்ளிவிழாவில் நாங்கள் அளித்த வெப்பமானி ஆகிய நான்குதாம். எங்கள் வீடுகளில் இருந்த கடைச்சரக்கு வெப்பமானிகளில் இரண்டு ஒரே அளவைக் காட்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில் சரிபார்த்த அவர் கருவி சொல்வதே எங்களுக்கு வேதவாக்கு. அளந்து முடித்ததும் துடைத்து, உட்புறம் கம்பளி வைத்த தோலுறையில் பத்திரமாய் வைப்பார்.

அந்த ஆண்டு மே மாத இறுதிச் செவ்வாயன்று சங்க உறுப்பினர் எகோன் அழைத்தார். அவருடைய குராமி மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கல்லில் உரசின. கெர்லிண்டே அறையை இருட்டாக்கி, விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். முதுகெங்கும் மெல்லிய பொன்தூசி. வெல்வெட் நோய் என்றார். நேரே பார்க்கும் கண்ணுக்குத் தப்பும், சாய்ந்த ஒளிக்கே அகப்படும் நோய் அது. அன்று மாலையே என் வீட்டுக்கு வந்து ஃபைட்டர் மீன் குஞ்சுகளின் நீரை அளந்து பார்த்தார். அங்கிருந்து மற்றோர் உறுப்பினரான லோதார் வீட்டுக்குப் போனார். பத்து நாளில் என் தொட்டியிலும் லோதாரின் தொட்டியிலும் அதே தூசி படிந்தது. அறுபது குஞ்சுகளில் எனக்கு எஞ்சியவை நான்கு.

சங்கம் உடனே ஒரு குற்றவாளியைத் தேடியது. வசந்தத்தில் புதிதாய்ச் சேர்ந்தவன் ஒர்ஹான். சுரங்கத்தில் மின்பணி செய்பவன். மூன்றாண்டுகள் தேர்ந்து வளர்த்த செவ்வால் கப்பி மீன்களை ஏப்ரல் கூட்டத்தில் பதினொரு பேருக்குப் பைகளில் அன்பளிப்பாய்க் கொடுத்தான். கப்பியெல்லாம் முதல் வகுப்புப் பிள்ளைகள் வளர்ப்பது என்று சொல்லி நான் வாங்கவில்லை. இப்போது தலைவர் புர்க்ஹார்ட் மேசையைத் தட்டினார்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நாம செவுளையாவது பாத்திருக்கணும்."

அறை சிரித்தது. ஒர்ஹான் சிரிக்கவில்லை. நானும் சிரித்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அவன் தொட்டியைச் சோதிக்கக் கெர்லிண்டேயை அனுப்பினார்கள். செயலாளன் என்ற முறையில் நான் சாட்சி. ஜூன் மாதச் சனிக்கிழமை அது. முதலில் என் வீட்டில் எஞ்சிய குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நேரே அவன் வீட்டுக்குப் போனோம். ஒர்ஹானின் மனைவி நெர்மின் சிறு கண்ணாடிக் குவளைகளில் தேநீர் தந்தாள். கெர்லிண்டே எண்ணினார், அளந்தார், ஒரு மீனின் தோலைச் சுரண்டி உருப்பெருக்கியில் பார்த்தார். மாசில்லை என்று எழுதினார். புர்க்ஹார்ட் அதை ஏற்கவில்லை. இன்று இல்லாதது ஏப்ரலிலும் இல்லையென்று ஆகிவிடுமா என்றார். அவனை நீக்குவதா என்று அடுத்த வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. ஞாயிறன்று அண்டை நகரத்தாரும் வரும் மீன் சந்தை.

வியாழன் மாலை கெர்லிண்டே என் வீட்டுக்கு வந்தார். அவனுக்காக வாதாட ஒரு தாளில் இரண்டு பத்தி எழுதியிருந்தார்: கப்பி பெற்றவர்கள் ஒருபுறம், நோய் கண்டவர்கள் மறுபுறம். கப்பி பெற்ற பதினொருவரில் எகோன் தவிர எவர் வீட்டிலும் நோயில்லை. நானும் லோதாரும் கப்பி பெறாதவர்கள்; எங்கள் வீட்டில் நோய். வழக்கு வென்றாயிற்று என்று நான் எண்ணிய வேளையில் அவர் விரல் தாளின்மேல் நின்றது.

"வில்ஃப்ரீட், அந்தச் செவ்வாக்கெழம எகோன் வீட்டுலேர்ந்து நான் எங்க வந்தேன்?"

"இங்கதான்."

"அப்புறம்?"

"லோதார் வீட்டுக்கு."

பையிலிருந்து தோலுறையை எடுத்து உள்ளே விரல் விட்டார். கம்பளி ஈரமாய் இருந்தது. அந்த விரலை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார். பிறகு, கேட்கவே அஞ்சுபவர்போல், "சனிக்கெழம நாம உங்க வீட்டுலேர்ந்து நேரா அந்தப் பையன் வீட்டுக்குத்தானே போனோம்?" என்றார்.

ஆமாம் என்றேன்.

அங்கிருந்தே ஒர்ஹான் வீட்டுக்குத் தொலைபேசினார். மீன்கள் நலம் என்று நெர்மின் சுருக்கமாய்ச் சொல்லி வைத்துவிட்டாள். அந்தச் சுருக்கமே அவரைத் தின்றது. வெள்ளி காலை என்னை அழைத்தார். கம்பளியைப் பிழிந்த துளியைத் தம் வீட்டு நுண்ணோக்கியில் வைத்து, இரண்டு மூன்று உயிர்கள் நீந்தக் கண்டாராம்; அந்நோயின் உயிர்தானா, வேறேதும் தீங்கற்றதா என்று துணிய முடியவில்லையாம். நிச்சயமில்லாத ஒன்றைச் சொல்லி முப்பதாண்டுப் பேரைக் கெடுத்துக்கொள்வானேன், ஞாயிறு கழியட்டும் என்றேன்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள அவன் பேர் போயிடும். என் பேருக்காக அவன் பேரையா குடுக்குறது?"

மாலை ஏழு மணிக்குப் பின்னறை நிறைந்திருந்தது. உருளைக்கிழங்குக் கூட்டும் இறைச்சி உருண்டையும் தட்டுகளில் ஆறின. ஒர்ஹான் கதவோரம் நின்றான். புர்க்ஹார்ட் வாக்குச் சீட்டுகளை எடுக்குமுன் கெர்லிண்டே எழுந்தார், தாளைப் படித்தார், வெப்பமானியை மேசைமேல் வைத்தார்.

"உக்காரும்மா. அது சங்கம் குடுத்த பரிசு. அதுல போயி நோய் வருமா?" என்றார் தலைவர்.

"வலையத்தான் தனித்தனியா வைக்கச் சொன்னேன், தலைவரே. இதையும் தண்ணியிலதான விட்டேன். இது கருவின்னு நெனச்சேன், ஈரம்னு நெனக்கல."

எகோன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "ஆக, எங்க வீட்டு நோயை ஊருக்கெல்லாம் நீங்கதான் பரிமாறுனீங்க."

"ஆமா. அப்படித்தான் தோணுது."

எவரும் சிரிக்கவில்லை. புர்க்ஹார்ட் சீட்டுகளைச் சட்டைப்பையில் திணித்தார். ஞாயிற்றுச் சந்தை நடக்காதென்று எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒர்ஹானிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவு அவருக்கு அன்று வரவில்லை, எனக்கும் வரவில்லை. கெர்லிண்டே கதவை நோக்கி நடந்தார்.

"தம்பி, உன் மீனெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு, அக்கா."

"மூச்சு?"

அவன் தலைவரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "ரெண்டு நாளா மேலயே நின்னு வாயத் தொறக்குது. கல்லுல ஒரசுது. நான் சொல்லியிருந்தா, பாத்தியா அவனோடதுதான்னு முடிச்சிருப்பீங்க. யார் கேட்டாலும் நல்லாயிருக்குன்னு சொல்லுன்னு நெர்மின்கிட்டயும் சொல்லி வெச்சேன்."

"ரெண்டு நாள்," என்று மட்டும் சொன்னார் கெர்லிண்டே. அந்நோயில் இரண்டு நாள் தாமதம் எத்தனை மீன்களைக் கொல்லுமென்று அறையில் எல்லோருக்கும் தெரியும்.

என் வண்டியிலேயே போனோம். வெளியே இன்னும் வெயில் இருந்தது. திரைகளை இழுத்து அறையை இருட்டாக்க வேண்டியதாயிற்று. அன்று அவர் நாற்காலி கேட்கவில்லை; நின்றபடியே விளக்கைச் சாய்த்தார். நாற்பது கப்பிகளில் பெரும்பாலானவற்றின் முதுகில் பொன்தூசி. மூன்று ஏற்கெனவே அடியில் கிடந்தன. அந்த நோயுயிர் செடிபோல் ஒளியுண்டு வாழ்வது, ஆகவே ஒளியை அடைக்க வேண்டும் என்றார். நெர்மின் கருநீலப் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டு வந்தாள். செப்பு மருந்தின் துளிகளைக் கெர்லிண்டே உரக்க எண்ண, ஒர்ஹான் தன் கையாலேயே விட்டான். அவர் நீரைத் தொடவில்லை. சூடேற்றியை முப்பது டிகிரிக்குத் திருப்பி, நால்வரும் நான்கு முனையைப் பிடித்து விரிப்பைத் தொட்டியின்மேல் போர்த்தினோம்.

"பொழைக்குமா, அக்கா?"

"தெரியல தம்பி. பத்து நாள் போகணும்." கைவிளக்கை அணைத்துவிட்டு, "தினம் வந்து பாக்கட்டுமா?" என்று கேட்டார். முப்பதாண்டுகளில் அவர் இப்படி இசைவு கேட்டு நான் கண்டதில்லை.

ஒர்ஹான் விரிப்பின் மடிப்பொன்றை நீவிச் சரிசெய்தான்.

"வாங்க. வெறுங்கையோட வாங்க."

அவர் தலையசைத்தார். விரிப்புக்குள்ளே எதுவோ நீர்மட்டத்தைத் தட்டிய ஒலி கேட்டது. நால்வரும் அப்படியே நின்றோம், மறுமுறை கேட்கிறதா என்று.