விரல் ஆடுதே, வேலைக்கு வா

எங்கள் ஷூ கம்பெனி சூப்பர்வைசர், டாக்டர் தைத்த நரம்பை மறுபடி அறுக்கப் பார்க்கிறார்.

தோல் வெட்டும்போது செல்வி அக்காவுக்கு விரலை மடக்கும் நரம்பு அறுந்து, ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம்தான் ஆகிறது. இன்று வேலூரில் டாக்டரிடம் காட்டிவிட்டு நாங்கள் இருவரும் திரும்பும் பஸ்ஸில், தைத்த நரம்பு பக்கத்துச் சதையோடு ஒட்டிப்போகாமலிருக்க டாக்டர் சொன்னபடி, அந்த விரலை மறு கையால் மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

பள்ளிகொண்டாவில் ஏறிய சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா செல்வி, விரல் சூப்பரா ஆடுதே! நாளைக்கு டூட்டிக்கு வந்துடு."

"அதுவா ஆடல சார், நான் ஆட்டறேன். இப்ப கத்தி புடிச்சா தையல் பிச்சுக்கும்."

"டாக்டருங்க ஜாஸ்தி பயமுறுத்துவாங்கம்மா."

பஸ்ஸிலேயே வைத்தியம் பார்க்கும் மகான்! நான் எழுந்தேன்.

"பிச்சுக்கிட்டா கம்பெனி பொறுப்புன்னு எழுதிக் குடுங்க சார்."

சூப்பர்வைசர் ஆம்பூர் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பேனா நான் தருகிறேன் சார். எழுதுங்கள்.